அம்மாவின் பட்டினி, அப்பாவின் சட்டை

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. இது முதல் குழந்தை, ஐந்தாம் மாதம் தொடங்கியிருக்கிறது. கொருக்குப்பேட்டையில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது எண்ணூர். நான் வயிற்றில் இருந்தபோது அப்பா வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். பாதி நாள் கஞ்சித் தண்ணி குடித்துத்தான் அம்மா என்னைச் சுமந்தார்களாம். பிறக்கும்போது நான் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். என் கணவர் பழைய பேட்டரி பிரிக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். பெற்றோர் பட்ட கஷ்டமும் சுவாசித்த புகையும் ஏழு தலைமுறைக்குப் பிள்ளைகள் உடம்பில் இருக்கும் என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. "எண்ணூர்ப் புகையைக் குடித்து வளர்ந்த உடம்பு, பிள்ளை எப்படிப் பிறக்குமோ" என்று அத்தையும் சொல்கிறார்கள். என் உடம்பிலிருந்து குழந்தைக்கு என்னென்ன போகும்? இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா பட்ட பட்டினியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எண்ணூரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கணவர் வேலையைப் பற்றி ஒரே ஒரு வரி. முப்பது வருடமாக ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பிரசவம் பார்க்கிறவள் நான். என் கண் அந்த ஒரு வரியில்தான் போய் நின்றது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். இதற்கு மட்டும் இன்று இரவே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

பேட்டரியை உடைத்தால் உள்ளே காரீயத் தகடும் அமிலமும் இருக்கும். தகட்டைப் பிரிக்கும்போது எழும் தூசு மாவை விட மெல்லியது. சட்டை மடிப்பில், தலைமுடியில், நகக்கண்ணில், செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். வாடை இல்லை, அரிப்பு இல்லை. அதனால் யாருக்கும் தோன்றாது.

சில வருடங்களுக்கு முன் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் இரண்டாவது பிரசவத்துக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார். கூடவே மூன்று வயது மூத்த பையன். சோகை பிடித்த முகம், அடிக்கடி வயிற்று வலி, பேச்சு இரண்டு மூன்று வார்த்தையோடு நின்றிருந்தது. அப்பா என்ன வேலை என்று கேட்டேன். உங்கள் கணவர் செய்யும் அதே வேலை. "அவர் வந்ததும் ஓடிப்போய் மடியில் ஏறிக்குவான் டாக்டர், சட்டைப் பையில கடலைமிட்டாய் வச்சிருப்பாரு" என்றார் அந்தத் தாய். நாள் முழுக்கக் காரீயத் தூசு இறங்கிய பையில் இருந்துதான் அந்தத் தகப்பன் ஆசையாக மிட்டாயை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ரத்தத்தைச் சோதித்தபோது பையனுக்கும் தாய்க்கும் காரீயம் இருந்தது. அந்த மனிதர் என் அறையில் உட்கார்ந்து அழுதார். அவரிடம் சொன்னதையே உங்கள் கணவரிடமும் சொல்கிறேன்: இது உங்கள் தப்பு இல்லை, யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது தெரிந்துவிட்டது, மாற்றிவிடலாம்.

மாற்ற வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வேலைக்கென்று இரண்டு செட் துணி பட்டறையிலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் கை, முகம், தலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேறு துணி மாற்றிக்கொள்ளட்டும். பட்டறையில் அதற்கு வசதி இல்லையென்றால், வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றி, நேராகக் குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் கட்டிலில் உட்கார வேண்டும். வேலைத் துணியை நீங்கள் உதறக் கூடாது, துவைக்கவும் கூடாது. அவரே தனி வாளியில் அலசட்டும், குழந்தை பிறந்த பிறகும் அந்த வாளி அதற்கு மட்டும்தான். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும்பும். ஈரத் துணியால் துடையுங்கள். இடைவேளையில் டீயும் வடையும் சாப்பிடும் முன் அவர் கை கழுவுவது அவருடைய உடம்புக்காகவும்தான். அந்தக் கையோடு பிடிக்கிற பீடியும் காரீயத்தை நேராக வாய்க்குக் கொண்டுபோகும்.

அடுத்தது ரத்தத்தில் காரீய அளவு. உங்கள் டாக்டரிடம் கேட்டு இருவரும் பார்த்துவிடுங்கள். பெரிய தனியார் ஆய்வகங்களில் இதைச் செய்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு எதுவும் கிடையாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியிருக்கிறது. அளவு கூடுதலாக இருந்தாலும் பயந்து ஓடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வரும் வழியை அடைத்தாலே ரத்தத்தில் அளவு மெல்லக் குறையும். "ரத்தத்தைச் சுத்தம் பண்ணித் தருகிறேன்" என்று யாராவது செந்தூரம், பற்பம் கொடுத்தால் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சிலவற்றில் உலோகமே சேர்மானம்.

இங்கே உங்கள் கேள்விக்கான முதல் பதிலும் வந்துவிடுகிறது. உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அங்கே அது பத்து இருபது வருடம் கூட இருக்கும். இந்தியா முழுக்கக் காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-ஆம் ஆண்டில்தான். அப்போது நீங்கள் சின்னக் குழந்தை. ஆட்டோவும் ஸ்கூட்டரும் விட்ட புகையில் கொஞ்சம் உங்கள் எலும்பில் இருக்கலாம். என் எலும்பிலும் இருக்கும், உங்கள் அத்தை எலும்பில் இன்னும் அதிகமாகவே இருக்கும். இப்போது குழந்தையின் எலும்பு வளரக் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் அது போதவில்லையென்றால் உங்கள் எலும்பைக் கரைத்து எடுக்கும், கூடவே பழைய காரீயமும் வெளியே வரும், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாய் வாழ்ந்த சூழல் பிள்ளைக்குப் போகிற வழிகளில் இது ஒன்று. இதைத் தடுக்கும் பொருள் என்ன தெரியுமா? நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தந்து, நம் பெண்களில் பாதிப் பேர் அலமாரியில் அப்படியே வைத்துவிடுகிற கால்சியம் மாத்திரை. 14-ஆம் வாரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை, 500 மில்லிகிராம் வீதம். இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்த சோகை உள்ள குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். அதனால் இரும்பு மாத்திரைக்கு இப்போது உங்கள் வீட்டில் இரட்டை வேலை.

காரீயத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சீமந்தத்துக்கு யாராவது ரசம் வைக்க ஈயச் சொம்பு கொடுத்தால், நல்ல கடையில் வாங்கியதுதானா என்று கேளுங்கள். அது வெள்ளீயத்தில் செய்வது. விலை குறைவாகக் கிடைப்பதில் காரீயம் கலந்திருந்தால் புளித்தண்ணி அதை இழுத்துவிடும்.

சரி, இப்போது உங்கள் அம்மாவின் கஞ்சித் தண்ணிக்கு வருவோம்.

கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், டாப்னியா என்று ஒரு நீர்ப்பூச்சியைச் சொல்வார்கள். குஞ்சு மீனுக்கு உயிருள்ள தீனி. வெறும் கண்ணுக்குப் புள்ளி மாதிரி துள்ளும். அதில் ஒரு வகை, தன்னைத் தின்னும் எதிரியின் வாடை தண்ணீரில் இருந்தால், தலையில் கூர்மையான கவசம் வளர்த்துக்கொள்ளும். வாடையை உணர்ந்தது தாய்தான், ஆனால் அதன் குஞ்சுகளும் பெரிய கவசத்தோடு பிறக்கின்றன. இதை 1999-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். தாய்க்கும் குஞ்சுக்கும் மரபணு ஒன்றுதான், அதில் எழுத்து எதுவும் மாறவில்லை. "வெளியே ஆபத்து இருக்கிறது, தயாராக வா" என்று தாயின் உடம்பு முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறது, அவ்வளவுதான். பெற்றோரின் சூழல் பிள்ளையின் உடம்பை மாற்றுவது என்றாலே கெடுதல் என்று நினைக்காதீர்கள். அதன் அடியில் இருப்பது ஒரு தாயின் முன்னேற்பாடு. அவள் எதிர்பார்த்த உலகமும் பிள்ளை வந்து சேரும் உலகமும் வேறு வேறாக இருக்கும்போதுதான் தொல்லை.

மனிதர்களில் இது தெளிவாகத் தெரிந்தது ஒரு கொடுமையான பஞ்சத்தில். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போக விடாமல் ஜெர்மன் படை தடுத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் ஒரு கட்டத்தில் 400-லிருந்து 800 கலோரிக்குள் வந்துவிட்டது. நம் கணக்கில் நாள் முழுவதற்கும் ஏழெட்டு இட்லி, கூடிப்போனால் அதைப் போல இரண்டு மடங்கு. 1945 மே மாதம் விடுதலை கிடைத்ததும் சாப்பாடு வந்துவிட்டது. தொடக்கமும் முடிவும் தேதியோடு தெரிந்த பஞ்சம் என்பதால், எந்தக் குழந்தை எந்த மாதத்தில் வயிற்றில் பட்டினி கிடந்தது என்று பிறகு கணக்குப் போட முடிந்தது. கடைசி மாதங்களில் பட்டினி கண்டவை எடை குறைந்து பிறந்தன. தொடக்க மாதங்களில் கண்டு பிழைத்தவை நல்ல எடையோடுதான் பிறந்தன. ஆனால் அவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி இதயநோயும் கொழுப்பும் மற்றவர்களை விட அதிகமாக வந்தன. 2008-இல் வந்த ஆய்வு இன்னும் உள்ளே போனது. அறுபது வருடம் கழித்தும், வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் மேல் இருக்கும் வேதிக் குறிகள், அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கு இருந்ததை விடக் குறைவாக இருந்தன.

அந்த வேதிக் குறி என்ன என்பதை நம் பேட்டை பாஷையில் சொல்கிறேன். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று உங்கள் அத்தை அடிக்கடி சொல்லியிருப்பார்கள். மரபணுதான் நூல். பழைய வண்ணாரப்பேட்டையில் இஸ்திரி போடுகிற அண்ணாச்சி கையில் ஒரு சேலையைக் கொடுங்கள். எந்த இடத்தில் மடிக்கிறாரோ அதைப் பொறுத்து முந்தானை வெளியே தெரியும், அல்லது உள்ளே போய்விடும். நூலும் மாறவில்லை, பூவேலையும் மாறவில்லை. சூழல் செய்வது இந்த மடிப்பு வேலையை. எந்த மரபணு விரிந்து வேலை செய்ய வேண்டும், எது மடிந்து சும்மா இருக்க வேண்டும் என்பதை அது தொடுகிறது. இதைத்தான் எபிஜெனிடிக்ஸ் என்கிறார்கள். சில மடிப்பு ஒரு அலசலில் போய்விடும். சில, அந்த நெதர்லாந்து மக்களுக்கு இருந்த மாதிரி, வருடக்கணக்கில் நிற்கும்.

நம் ஊர்க் குழந்தைகளைப் பற்றிய பெரிய வேலையை புனேயில் டாக்டர் யாஜ்னிக் செய்தார். 1993-இல் புனேயைச் சுற்றியிருந்த கிராமத்துத் தாய்மார்களிடம் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் பிறந்தவை சுமார் 3.5 கிலோ. எடை குறைந்தால் எல்லாமே ஒரே அளவில் குறையும் என்றுதானே நினைப்போம்? அவர்கள் பிறந்த குழந்தையின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை ஒரு இடுக்கியால் லேசாகப் பிடித்து அளந்தார்கள். கை கால் ஒல்லி, தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை, ஆனால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதைப் படித்த பிறகு பிரசவ அறையில் நானும் குழந்தைகளின் முதுகை அப்படி விரலால் தொட்டுப் பார்க்கத் தொடங்கினேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டேகால் கிலோ குழந்தையின் முதுகில் அந்த மெத்தென்ற மடிப்பைத் தொடும்போது, பசி வரும் என்று நம்பி இந்த உடம்பு எதை விட்டுக்கொடுத்து எதைப் பத்திரப்படுத்தியிருக்கிறது என்று மனம் கனத்துப்போகும்.

நீங்களும் அப்படி ஒரு குழந்தையாக இருந்திருக்கலாம். உங்கள் உடம்பு பட்டினிக்குத் தயாராகி வந்தது. வந்து சேர்ந்ததோ ரேஷன் அரிசியும் சத்துணவும் புரோட்டாவும் கிடைக்கிற ஊருக்கு. இப்படி எடை குறைந்து பிறந்த பெண்களுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகம். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையைத் தேவைக்கு மேல் கொழுக்க வைக்கும். அந்தக் குழந்தைக்குப் பின்னாளில் உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பும் கூடும். பாருங்கள், உங்கள் அம்மா கண்டது பட்டினி, உங்கள் குழந்தைக்குப் போகக் கூடியது அதிகச் சர்க்கரை. முகம் மாறிவிட்டது, சங்கிலி ஒன்றுதான். அதை அறுக்கிற இடம் உங்கள் கையில், இந்த மாதங்களில் இருக்கிறது.

இதற்கு நம் சென்னை மருத்துவர் வி. சேஷையாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கர்ப்பிணி எல்லோருக்கும், பார்க்க ஒல்லியாக இருந்தாலும், சர்க்கரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடியவர். அவர் சொன்ன முறை எளிது. வெறும் வயிறாக வர வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். முதல் முறை போனபோதே உங்களுக்குச் செய்திருப்பார்கள். அது சரியாக இருந்தது என்று விட்டுவிடக் கூடாது, 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். குளுக்கோஸ் குமட்டுகிறது என்று பாதியில் எழுந்து வந்துவிடுகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வராதீர்கள். கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டு உட்காருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புனே ஆய்விலேயே, ஃபோலிக் அமிலம் நிறைய இருந்து பி12 குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. மாத்திரையில் ஃபோலிக் அமிலம் வந்துவிடும். பி12 முட்டை, பால், மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. காசிமேட்டை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீனை முள்ளோடு மென்று சாப்பிட்டால் கால்சியமும் சேரும். பெரிய சுறாவை மட்டும் இந்த மாதங்களிலும் பால் கொடுக்கும் மாதங்களிலும் தள்ளி வையுங்கள், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் சுரக்கச் சுறாப்புட்டுதான் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பால் சுரக்கக் குழந்தை அடிக்கடி குடித்தாலே போதும். எண்ணூர்க் கழிமுகத்தில் எடுக்கும் மட்டி, சிப்பியும் இப்போது வேண்டாம். அவை தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுபவை, தண்ணீரில் உள்ள உலோகத்தைத் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து, மீனவர்கள் கையால் வாளி வாளியாக அள்ளியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மட்டி பொறுக்கிப் பிழைக்கும் பெண்களை நினைத்தால் இதை எழுதவே மனம் வரவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த எண்ணூர்ப் புகை. அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். காற்றில் இருக்கும் நுண்ணிய கரித்துகள் தாயின் நுரையீரலைத் தாண்டி, நஞ்சுக்கொடியில் குழந்தையின் பக்கம் வரை போய்ச் சேர்வதை 2019-இல் பெல்ஜியத்தில் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மாசுபட்ட காற்றுள்ள இடங்களில் குழந்தைகள் கொஞ்சம் எடை குறைந்து பிறப்பது பல நாடுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அத்தை சொல்லும் மற்றப் பாதி சரியில்லை. குழந்தையைத் தொடுவது முக்கியமாக இந்தப் பத்து மாதம் நீங்கள் சுவாசிக்கிற காற்று. நீங்கள் பாவாடை சட்டையில் எண்ணூரில் ஓடியாடிய நாட்களை வைத்து உங்கள் உடம்பைக் கெட்டுப்போன உடம்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கொடுங்கையூர்க் குப்பை எரிகிற நாளில் ஜன்னலைச் சாத்துங்கள். வெளியே போனால் என்95 முகக்கவசம் போடுங்கள். கணவர் பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் வீட்டுக்குள் மட்டுமல்ல, உங்கள் பக்கத்திலும் கூடாது. உங்களால் முடிந்தது இவ்வளவுதான். சாம்பலையும் புகையையும் நிறுத்த வேண்டியவர்கள் வேறு ஆட்கள். வட சென்னையில் பிறந்ததற்காக ஒரு பெண் தன் வயிற்றுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் அறையில் அப்படி அழுத பெண்கள் எத்தனையோ பேர்.

இனி அந்த ஏழு தலைமுறை. வீடியோவில் சொன்னவர் ஒரு உண்மையைப் பிடித்து இழுத்து நீட்டியிருக்கிறார். அந்த உண்மையைச் சொல்கிறேன், அழகானது. பெண் குழந்தைக்கு வேண்டிய கருமுட்டைகள் எல்லாம் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் லட்சக்கணக்கில் இருக்கும், பிறகு குறைந்துகொண்டேதான் போகும். அதனால் உங்கள் அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அந்த உடம்புக்குள் அம்மா இருந்தார், நீங்கள் இருந்தீர்கள், இன்று உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் பாதியும் ஒரு முட்டையாக இருந்தது. மூன்று தலைமுறையும் ஒரே பசியை நேரடியாகக் கண்டன. பாட்டியின் சூழல் பேரனுக்கு வந்தது என்று சொல்கிற பல ஆய்வுகளுக்கு இதுவே விளக்கமாக இருக்க முடியும். அதற்கு மேல் போக வேண்டுமானால் அந்த மடிப்புகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தப்பிப் பிழைக்க வேண்டும். பாலூட்டிகளின் உடம்பு அதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. முட்டையும் விந்தும் உருவாகும்போது ஒரு முறை, கரு உருவானதும் இன்னொரு முறை, பெரும்பாலான குறிகளைத் துடைத்துவிடும். துவைத்து விரித்துப் புதிதாக மடிப்பது மாதிரி. மனிதரில் ஏழு தலைமுறைக்கு நிற்கும் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. அந்த வீடியோவை அழித்துவிட்டுத் தூங்குங்கள்.

அப்பாவின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கணவரே படிக்கட்டும். விந்து உருவாகி முதிர்வதற்குச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். அந்தக் காலத்தில் ஆண் பிடிக்கிற புகை, உடம்பில் ஏறும் காரீயம், உலை முன் நிற்கும் சூடு எல்லாம் விந்தைத் தொடும். இந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அந்தக் கட்டம் முடிந்துவிட்டது, ஐந்தாம் மாதம் வரை நல்லபடியாக வளர்ந்திருக்கிறது, திரும்பிப் பார்க்க வேண்டாம். அடுத்த குழந்தை என்று யோசிக்கும்போது மூன்று மாதம் முன்னதாகவே அவர் பீடி, சிகரெட்டை விட்டு, காரீய அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சுகமாகப் பிறக்கவில்லையென்றால் ஊர் தாயைத்தான் கேட்கிறது. முப்பது வருடத்தில் ஒரு மாமியார்கூட "என் பையன் உடம்பிலிருந்து என்ன போயிருக்கும்" என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்காத ராத்திரி எல்லாம் பிள்ளையைக் கெடுக்குமோ என்ற பயம் அடுத்து வரும், அதனால் இதையும் சொல்கிறேன். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2004-இல் வந்தது. குட்டியை அதிகமாக நக்கிச் சீராட்டுகிற தாய் எலியிடம் வளர்ந்தவை பதற்றம் குறைந்த எலிகளாக ஆயின. மூளையில் பதற்றத்தை அடக்க உதவும் ஒரு மரபணுவின் மேல் குறிகளும் மாறியிருந்தன. குட்டிகளை மாற்றி வைத்தார்கள். சீராட்டாத தாய்க்குப் பிறந்த குட்டி, சீராட்டும் தாயிடம் வளர்ந்தபோது வளர்த்தவளைப் போலவே ஆனது. எலி எலிதான், மனிதர் மனிதர்தான், ஆனாலும் பிரசவத்தோடு கதவு சாத்தப்படுவதில்லை என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எட்டு மாதக் குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்து, கால் நீட்டிக் குளிப்பாட்டுகிற பாட்டி இருக்கிறாரே, அவரும் அந்தக் குழந்தைக்குச் சூழல்தான். உங்கள் அத்தையிடம் இந்த வரியைக் காட்டுங்கள். குழந்தை எப்படிப் பிறக்குமோ என்று பயப்படுகிறவர், அதை எப்படி வளர்க்கலாம் என்பதில் பெரிய பங்கு எடுத்துக்கொள்ள முடியும்.

பிரகலாதன் வயிற்றிலேயே நாரதர் சொன்னதைக் கேட்டான் என்று சொல்லி, கர்ப்பிணிகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறவர்கள் இப்போது நிறைய. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள். ஆறு, ஏழு மாதத்தில் குழந்தைக்கு உங்கள் குரல் கேட்கும், பிறந்ததும் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்ளும், இவ்வளவுதான் நிச்சயம். உங்களுக்குப் பிடித்த பாட்டைப் பாடிக்கொண்டு காய் நறுக்கினால் போதும். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மட்டும் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் இருக்கிறது, கர்ப்பத்திலும் பார்க்கலாம்.

இன்று ராத்திரி அவர் வரும் முன் வாசலில் ஒரு வாளியும் சோப்பும் மாற்றுத் துணியும் எடுத்து வையுங்கள். 24 வாரம் முடியும் தேதியை உங்கள் கர்ப்பிணி அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரீயப் பரிசோதனை முடிவு வந்ததும் இருவருடைய அளவையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.